காந்தம் பிடித்த கறுப்பு

காட்டரிசி சூப்பில் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் திரிந்துவிடும். அடுப்பிலும் ஆய்வகத்திலும் எனக்குப் பொறுமை உண்டு. பதிவுக் கருவியை இயக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீங்கள் வெளியூர். வட மினசோட்டாவின் இந்தச் சுரங்க ஊரில் எல்லோரும் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். கல்லின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் இரும்பு. இரும்பென்றால் யாருக்கும் பயமில்லை. துரு கலந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்கள்.

லெம்பியும் அப்படி வளர்ந்தவள். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய என்னிடம் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தாள். நான் உலையில் சுட்டெடுக்கும் நிறப்பொடிகளைப் பசைநீரில் குழைத்து, நிறம் காட்டும் மாதிரி அட்டையில் மயிரிழைக் கோடுகளாக இழுத்துத் தருவாள். அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. தூரிகை நுனியை உதட்டில் வைத்துத்தான் கூராக்குவாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இரும்பு ஆக்சைடோடு ஈயத்தையும் சேர்த்துச் சுட்டேன். காந்தத்தை நோக்கித் தாவும் கறுப்பு ஒன்று கிடைத்தது. சாய்த்துப் பார்த்தால் உள்ளே நீலம் ஓடும். இரும்போடு சேராமல் மிஞ்சும் ஈயத்தை அமிலத்தில் கழுவி நீக்க வேண்டும். கழுவினேன். நீலமும் போய்விட்டது. அடுத்த முறை கழுவவில்லை.

புட்டியில் ‘காந்தக் கறுப்பு’ என்று எழுதி ஒட்டினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

லெம்பி தன் காந்தத்தைப் புட்டியின் மேல் வைத்தாள். பொடி கண்ணாடியில் ஏறிச் சிலிர்த்து நின்றது.

“நம்ம ஊர்ச் சரக்குதான் டாக்டர். நாய்க்குட்டி மாதிரி ஓடி வருது பாருங்க.” தூரிகையை உதட்டுக்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். “வேற எதாச்சும் கலந்திருக்கீங்களா?”

“காந்தமே சொல்லிடுச்சே,” என்றேன்.

சிரித்தாள். உதட்டில் கறுப்பாக ஒரு புள்ளி. என் கைக்குட்டையைக் கொடுத்தேன். இம்மாதிரிச் சின்ன விஷயங்களில் நான் கவனமானவன்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் தூரிகையை உதட்டில் வைக்கமாட்டாள். நுனி விரிந்துவிடும். கோடு தடித்தால் நீலம் தெரியாது.

அந்தக் கறுப்பைத் தொட்ட இரண்டாம் ஆண்டு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. “எல்லாம் உங்க சூப்பு பண்ற வேலை டாக்டர். பாலை மாத்துங்க, இல்லேன்னா சமையல்காரரை மாத்துங்க,” என்று கேலி செய்தாள். சிரித்தபோது ஈறின் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு தெரிந்தது. ஈயம் உடம்பில் ஏறினால் அப்படி வரும். நன்றாகவே தெரியும் எனக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் ஜெபப் பட்டியலில் அவள் பெயரை என் கையாலேயே எழுதினேன். இன்னும் நாற்பது அட்டைகள் பாக்கி இருந்தன.

அட்டைகளை முடித்துவிட்டாள். பிறகுதான் மணிக்கட்டு தொங்கிப்போனது.

மருத்துவரிடம் நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். “எதோட வேலை பாக்குறீங்க?” என்று அவர் கேட்டார்.

“வெறும் இரும்புதாங்க. நானே காந்தம் வெச்சுப் பாத்துட்டேன்.” என் பக்கம் திரும்பினாள். “இல்லையா டாக்டர்?”

ஆமென்று தலையசைத்தேன். அவளுடைய குளிர் மேலங்கியை மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

லெம்பி இப்போது இருப்பது ஒரு பராமரிப்பு விடுதியில். நேற்று அங்கே ஒரு செவிலிப்பெண் அவளுக்குப் பல் துலக்கிவிட்டாளாம். பல் துலக்குவது அவள் வேலையில் சேராது. பாவம் பார்த்துச் செய்திருக்கிறாள். உதட்டை விலக்கியபோது ஈறு தெரிந்திருக்கிறது. அப்படித்தான் நீங்கள் என் புட்டி வரைக்கும் வந்திருக்கிறீர்கள். லெம்பியிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை என்பது ஆறுதல்.

ஆம், எனக்குத் தெரியும். முதல் கோட்டிலிருந்தே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: ஒரு புதன்கிழமைகூட நான் தவறியதில்லை. அவளால் கரண்டி பிடிக்க முடியாது. நான்தான் ஊட்டுகிறேன், வாயைத் துடைத்துவிடுகிறேன். “உங்கள மாதிரி மனுஷங்க இருக்கறதாலதான் டாக்டர் உசிரோட இருக்கேன்,” என்பாள். மறுத்துப் பேசி அவள் மனதை நோகடித்ததில்லை.

இன்று புதன். கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொண்டால் நல்லது. சூப் ஆறிவிடும், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?