மல்லப்பன் கேட்ட பதிவு

குருபிரசாத், வயது 34, தந்தை பெயர் விஸ்வேஸ்வரன், யாதவகிரி, மைசூரு. பட்டு நூல் கிடங்கில் கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர். குழப்பத்தில் கன்னடம் சரியாக வராததால் தமிழில் சொல்ல, தமிழ் தெரிந்த காவல் உதவி ஆய்வாளர் உமாதேவி எழுதிக்கொண்டது:

எங்கள் கிடங்கின் கேமராப் பதிவுகள் சர்வருக்கு வெளியே தனிப் பெட்டியில் உள்ள ஒரு டிஸ்க்கில் சேருகின்றன. சர்வரிலிருந்து அந்தப் பெட்டிக்கு இரண்டு கேபிள்கள் போகின்றன, ஒன்று போனாலும் மற்றது வழியாக வேலை நடக்கும். இரண்டு வழியிலும் தெரிவது ஒரே டிஸ்க்தான் என்று சர்வருக்குச் சொல்ல ஒரு மென்பொருள் உண்டு. அது ஓடாவிட்டால் அதே டிஸ்க் இரண்டு பெயரில் இரண்டாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அதனால்தான் நடந்தது எனக்கே விளங்கவில்லை.

தசராவுக்குச் சில நாள் முன்பு ஓர் இரவில் நூல் மூட்டைகள் காணாமல் போயின. கோபிநத்தத்தைச் சேர்ந்த காவலாளி மல்லப்பன் மீது சந்தேகம் வந்தது. இரவு முழுவதும் முன்கேட்டில்தான் இருந்தேன், கேமராவில் பாருங்கள் என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும் என்பதால், அந்த இரவின் பதிவைத் தனியாக எடுத்து வைக்கும்படி என்னிடம் கேட்டார். வைக்க இடமில்லை, புது டிஸ்க் கேட்டிருக்கிறேன் என்றேன். மேலாளர் ஆறுமுகசாமி பண்டிகைக்குள் வாங்கிவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது. வருடம் முழுவதும் நிற்காத சர்வரை அன்று மட்டும் நிறுத்துவது எங்கள் வழக்கம். துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்த பிறகு நானே சர்வரைப் போட்டேன். திரையில் இரண்டு டிஸ்க்குகள் தெரிந்தன. அந்த மென்பொருள் ஓடவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேலாளர் சொன்னபடி வாங்கி மாட்டிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். இரண்டும் ஒரே அளவு. அதையும் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

அதன் பிறகு மல்லப்பனின் பதிவை வைப்பதற்காக, புதியது என்று நினைத்ததை ஃபார்மட் செய்து முழுவதும் காலியாக்கிவிட்டுப் பழையதைத் திறந்தேன், அதில் ஒரு பதிவும் இல்லை. கேபிள்களைக் கழற்றி மாட்டினேன், சர்வரை மறுபடி நிறுத்திப் போட்டேன், அதன் பிறகுதான் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். புது டிஸ்க் எதுவும் அதில் இல்லை. மேலாளரைக் கேட்டதற்கு, இன்னும் வாங்கவே இல்லையே என்றார்.

மல்லப்பன் சொல்லி நான் அழித்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. காப்பாற்றப் போய் அழித்தேன். வேறு பிரதி கிடையாது. அழிந்ததை மீட்டுத் தருகிறவர்களிடம் கொண்டுபோனேன், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பதிவை ஒரு முறையாவது ஓட்டிப் பார்த்திருந்தால் இப்போது சாட்சியாவது சொல்லியிருப்பேன். பார்க்கவில்லை.

இன்று நான் நிலையத்துக்குள் வரும்போது மல்லப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னைக் கண்டதும் எழுந்து, "அந்த ரெக்கார்டிங்கக் குடுத்துட்டீங்களா சார்? இனி நான் ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

அது ஒன்றைத் தவிர, மேலே நான் சொன்னது எல்லாம் உண்மை. படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) குருபிரசாத்