சக்கரம் வைத்த சுவர்

— செங்கல் சுவர்தான் வேணும். சக்கரமெல்லாம் வேண்டாங்க.

— கொஞ்சம் பொறு. புது லேப்ல எது எங்க வரும்னு தரையில நாடா ஒட்டியிருக்கேன் பாரு, அங்க நின்னு பேசு. இது உன் மேசை. இது கண் கழுவுற குழாய். தலைக்கு மேல ஷவர், உடம்புல ஆசிட் தெறிச்சா சங்கிலியை இழுத்தாப் போதும், கொட்டோ கொட்டுன்னு கொட்டும்.

— உங்ககிட்ட பேசிப் பேசி வர்ற கோவத்துக்கே அதை இழுத்துக்கணும் போல இருக்கு.

— அதுக்கும் உதவும். பாரு, மேசைக்கு சக்கரம், அலமாரிக்கு சக்கரம், நடுச் சுவருக்கும் சக்கரம். தண்ணி, கரண்ட், கேஸ் எல்லாம் கூரையிலருந்து இறங்குது. நாளைக்கு வேற ஆராய்ச்சின்னா ஒரே மத்தியானத்துல லேபையே மாத்திப் போட்டுக்கலாம்.

— எல்லாம் உருளட்டும். எனக்கும் உங்கம்மாவுக்கும் நடுவுல இருக்கறது மட்டும் உருளக் கூடாது.

— இன்னும் அந்தக் குடுவையா?

— அந்தக் குடுவைதான். அடியில படிஞ்சிருந்தது அழுக்கு இல்லங்க, மாசக்கணக்குல நான் பட்ட பாடு. அதைப் போய் பால் பாத்திரம் மாதிரி தேய்ச்சுக் கவுத்துட்டு, "பளிச்சுன்னு ஆக்கிட்டேம்மா"ன்னு பெருமை வேற.

— என்ன செய்ய? காலமெல்லாம் மைக்ராஸ்கோப்பும் கையுமா இருந்தவங்கதான், ஆனா கறையைக் கண்டா கை சும்மா இருக்காது.

— அவங்க பெரிய விஞ்ஞானி இல்லேன்னு நான் சொல்லலையே. ஒரே வீட்ல இருக்கோம், ஒரே கார்ல வர்றோம், நல்லாத்தான் இருக்கோம். வேலை செய்யற இடத்துலயாவது ஒரு சுவர் குடுங்களேன்.

— மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கறது சரியாத்தான் இருக்கு. சரி, சுவர் எழுப்பினா என்ன ஆகும்னு கேளு. ஜன்னல் பக்கம் ரெண்டு வாசல். உள்பக்கம் ஒண்ணே ஒண்ணு. அதுவும் உன் ஸ்பிரிட், அசிட்டோன் கேனெல்லாம் அடுக்குற அறையை ஒட்டிப் போற வழி. என் சுவர்னா, தீப்பிடிச்சாலும் காலால பிரேக்கைத் தட்டித் தள்ளிட்டு யாரும் எந்தப் பக்கமும் ஓடிடலாம்.

— ஓடலாம். தள்ளிட்டு வந்து குடுவையும் கழுவலாம். உள்பக்கத்துக்கு இன்னொரு வாசல் உடைங்க.

— அங்க லிஃப்ட் இருக்கு, கை வைக்க முடியாது. சட்டப்படி ஒரு வாசல் போதும். எனக்குத்தான் மனசு ஒப்பல.

— எப்படியும் ஜன்னல் பக்கம் உங்கம்மாவுக்குத்தான் போகும், மூத்தவங்களாச்சே. நான் உள்ள கெடந்துட்டுப் போறேன். சுவர் மட்டும் கட்டிடுங்க.

— அதோ, அவங்களே வர்றாங்க. நீயே கேளு. சீக்கிரம் முடிவு பண்ணுங்க, தரையை உடைக்க ஆளுங்க வெளியில நிக்கறாங்க. கழிவுத்தண்ணிக் குழாயைப் புதைச்சுட்டா அப்புறம் மாத்த முடியாது.

— என்னடா, வெறும் தரையில நின்னு ரெண்டு பேரும் சண்டை?

— அம்மா, உன் மருமக செங்கல் சுவர் கேக்கறா.

— கட்டு.

— அம்மா?

— கட்டுடான்னா. அவ உழைப்பைச் சாக்கடையில ஊத்தினவ நானு. என்கிட்ட இருந்து தப்பிக்க சுவர் கேக்காம வேற என்ன கேப்பா?

— அத்தை, கோவத்துல ஒண்ணும் கேக்கல...

— கோவத்துலதான் கேக்கற. கேளு, தப்பில்ல. நான் உள்பக்கம் எடுத்துக்கறேன். காலையிலயே வந்து என் பேரை எழுதி ஒட்டிட்டேன், அங்க பாரு.

— உள்பக்கமா? அதுக்கு ஒரே வாசல்தான் அத்தை.

— தெரியும்மா. என்கிட்ட இருக்கறது குளத்துத் தண்ணியும் பாசியும். அதுல எங்க தீப்பிடிக்கப் போகுது? சூடும் கொதியும் உன் பக்கம். ஓடறதுக்கு ரெண்டு வழி உனக்குத்தான் வேணும்.

— கேன் அடுக்குற அறையில பிடிச்சா? முதல்ல அடைபடறது உங்க வாசல்தானே?

— அடைபட்டா அடைபடட்டும்.

— என்ன பேச்சு இது? இந்த முட்டி வலியை வெச்சுக்கிட்டு எப்படி வெளிய வருவீங்க?

— நான் எதுக்குத் தனியா வரணும்? நீதான் ஓடி வந்து இழுத்துட்டுப் போவியே.

— நடுவுல சுவர் இருந்தா நான் எப்படி அத்தை வருவேன்?