மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. வீட்டில் இவ்வளவு சர்க்கரை போட்டுக்கொள்ள வழியில்லை. ஸ்பூனைக் கையில் எடுத்தாலே அவர் கால் தரையில் ஒரு அழுத்து அழுத்தும்.

அந்தக் காலைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். என் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள், எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நான் ஸ்கூலில் போன் எடுப்பேன், யாருக்கு எப்போது வகுப்பு என்று சொல்வேன், காலையில் வண்டியைத் துடைப்பேன். பழகுகிறவர்கள் ஓட்டும் வண்டி என்பதால் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஓட்டுகிறவர் தப்பு செய்தால் அவர் நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்கள் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டு போய்விடுவார்கள். நான் கல்யாணம் ஆனதிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். லைசென்ஸ் இருக்கிறது, அது அவர் பர்ஸில் இருக்கும். வெளியே கிளம்பினால் ஓட்டுவது நான்தான், பக்கத்தில் அவர் கால் பெடல்மேல் தயாராக இருக்கும். எங்கேயாவது நான் கொஞ்சம் வேகமெடுத்தால் வண்டி தானாக அடங்கிவிடும். நாளாக நாளாக அந்தக் கால் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் நான் சத்தமாகச் சிரித்தால் மேஜைக்கு அடியில் ஒரு அழுத்து. தங்கையோடு போனில் பேச்சு நீண்டால் ஒரு அழுத்து. நானும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன். தங்கை, "லைன் கட்டாயிடுச்சாக்கா?" என்று கேட்பாள்.

அவள் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை தனியாக ஓட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

"முதல்ல ஒழுங்கா ஓட்டக் கத்துக்கோ, அப்புறம் பாப்போம்" என்றார். கோபமே இல்லை. அவர் என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரேக்கின் விவரம் எனக்கு மெக்கானிக் சொல்லித் தெரியும். கேட்காமலே சொன்னார், கொஞ்சம் வாயாடி மனுஷன். மாஸ்டர் பெடலையும் டிரைவர் பெடலையும் ஒரு கம்பி இணைக்கிறது, அந்தக் கம்பியைச் சின்னதாக ஒரு பின் பிடித்திருக்கிறது. "இந்தப் பின்னு போச்சுன்னா மாஸ்டர் மிதிச்சாலும் ஒண்ணுதான், தூங்கினாலும் ஒண்ணுதான்க்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் கணவர் அப்போது பக்கத்தில் இல்லை.

போன புதன்கிழமை காலை வண்டியைத் துடைக்கும்போது அந்தப் பின்னைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான். அன்று வகுப்பு நிறைய. ஒரு காலேஜ் பெண், ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்த ஒரு அம்மா. நான் போன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்களா என்று பார்த்தேன். எல்லோரும் வந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று கேட்கிறீர்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லையே, ஐயா.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். "வண்டியெல்லாம் சரியா இருந்துச்சாங்க?"

"அதுக்கென்ன கேடு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரில் ஒருவருக்காகக்கூட அவர் அந்தப் பெடலை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் தெரிந்திருக்கும். முன்பின் தெரியாதவர்களை நம்பி, வாயாலேயே சொல்லிக் கொடுத்துக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பிரேக் எனக்கு மட்டும்தான். அழுகை வந்துவிட்டது. என்ன என்று கேட்டார், காரம் என்றேன். பின்னைத் திரும்ப மாட்டவில்லை.

சனிக்கிழமை ஏரிக்குப் போகலாம் என்று சொன்னது அவர். கல்யாண நாள் அது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரொட்டி, வேகவைத்த முட்டை, பழம், பிளாஸ்கில் டீ, விரித்து உட்கார ஒரு பழைய போர்வை எல்லாம் கூடையில் எடுத்து வைத்தேன். எனக்கு மறதி என்பதே கிடையாது, ஐயா. அவர் கண்ணாடி துடைக்கும் துணியைக்கூட எடுத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் அவர் வழக்கம்போல மிதித்துக்கொண்டே வந்தார். மிதிப்பதற்கு முன்னால் அவர் தொடை லேசாக எழும்பும். அதைக் கண்டதும் நான் என் பிரேக்கை மிதித்துவிடுவேன். வண்டி தன் சொல்லைக் கேட்கிறது என்றே அவர் நினைத்தார். நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக என்றுமே இருந்ததில்லை.

என் எண்ணம் மிகச் சின்னது. ஏரிக்கு மேலே கார் நிறுத்தும் சமதரையில் ஒரே ஒரு தடவை, அவர் மிதிக்கும்போது நான் மிதிக்காமல் இருப்பது. காலுக்கு அடியில் ஒன்றும் இல்லையென்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் ஒரு நிமிஷம் தெரியட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் போய்ச் சேரும்போதே மழை பிடித்துக்கொண்டது. வந்திருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். திரும்பிவிடலாம் என்றேன். அவருக்கு மனமில்லை. "வந்ததுக்கு ஒரு பாடமாவது நடக்கட்டும்" என்று படகு இறக்குகிற சரிவுக்கு ஓட்டச் சொன்னார். சிமெண்டுச் சரிவு, கீழே பாசி. வண்டியின் மூக்கு தண்ணீரைப் பார்த்து நிற்க, ரிவர்ஸில் மேலே ஏற வேண்டும். எனக்கு வராத பாடம் அதுதான். இஞ்சின் நின்றுபோனது. திரும்ப எடுத்தேன், திரும்ப நின்றது.

"இவ்ளோ வருஷம் உன் பக்கத்துல உக்காந்ததுக்கு எனக்கு ஒரு மெடல் குடுக்கலாம்" என்றார். பிறகு, "இறங்கிப் போய்ப் பின்னாடி கல்லு கில்லு கெடக்கான்னு பாரு" என்றார்.

கைப்பிரேக்கை இழுத்து, அவர் சொல்லிக் கொடுத்தபடி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டு இறங்கினேன். பின்சீட்டிலிருந்து குடையையும் கூடையையும் எடுத்தேன்.

"கூடை எதுக்கு?"

"இருக்கட்டுங்க."

"கைப்பிரேக்கை எடுத்து விடு. கேபிள் இப்பத்தான் மாத்தினது, சரிவுல இழுத்தே வெச்சா நைஞ்சுடும். நான்தான் புடிச்சிருக்கேன்ல?"

எந்தச் சரிவிலும் அவர் சொல்வது இதுதான். இருந்தாலும் கேட்டேன். "நெஜமாவே புடிச்சிருக்கீங்களா?"

"உனக்கு எத்தனை தடவை சொல்றது" என்றார். அவர் கால் அழுத்தியதைப் பார்த்தேன்.

குனிந்து, திறந்திருந்த கதவு வழியாகக் கையை விட்டுக் கைப்பிரேக்கை இறக்கிவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்டேன்.

வண்டி முதலில் மெதுவாகத்தான் போனது. அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் கைப்பிரேக் இருந்தது. இழுத்திருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிக் குதித்திருக்கலாம். அவர் மிதித்துக்கொண்டிருந்தார். பின்கண்ணாடி வழியாக அவர் தோள் ஏறி ஏறி இறங்குவது தெரிந்தது. "பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி" என்று கத்தினார். என்னைப் பார்த்து இல்லை, காலியாக இருந்த என் சீட்டைப் பார்த்து. பாசியில் ஏறியதும் வண்டி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் ஆழம் அதிகமாம்.

எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

மழை விட்டதும் மேலே ஒரு மரத்தடியில் போர்வையை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பசி, ஐயா, மறைக்க என்ன இருக்கிறது. அதற்குப் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

பின்னைக் கழற்றியது நான், கைப்பிரேக்கை இறக்கியதும் நான். அதை எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஆனால் முன்கூட்டியே திட்டம் போட்டதாக மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சரிவுக்குப் போகச் சொன்னது அவர். வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனதில் அப்படி எதுவுமே இல்லை. சாயங்காலம் இருவரும் சேர்ந்து திரும்பி வருவோம் என்றுதான் கிளம்பினேன்.

கூடையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் இருந்தன என்கிறீர்கள். வண்டியை மேலே இழுத்ததும் உள்ளே தேடிப் பாருங்கள், இன்னொன்று இருக்கும். இல்லையென்றால், எடுத்து வைக்க மறந்திருப்பேன்.