கோயில் மாட்டுப் பங்கு

என் பெயர் டயானா, வயது 41, கணவர் பெயர் ஜெர்சன். மதுரை கே.கே. நகரில் குடியிருந்து வருகிறேன். பரவைக்கு மேற்கே, வைக்கோலிலிருந்து பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கும் ஆலையில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். ஆலை வைக்கோலைத் திருடியதாக லாரி டிரைவர் அழகுபாண்டியைக் காவல் நிலையத்தில் வைத்திருப்பது தெரிந்து, நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஆலை வருமுன் மெஷின் அறுத்த வயல்களில் வைக்கோலுக்குத் தீ வைப்பார்கள், புகையில் ரோடே தெரியாது. இன்று அந்தப் புகை இல்லை. அது என் வேலை, அதில் எனக்குப் பெருமை உண்டு. வைக்கோலை நாங்களே அள்ளுவதால் மாடு வைத்திருப்பவர்கள் தீவனத்துக்கு அலைவதும் உண்மைதான்.

நேற்று காலை ஒரு லாரி வைக்கோல் வந்து இறங்கியது. அதன்பிறகு பக்கத்து ஊர்க் கோயில் காளையைப் பராமரிக்கும் சோலையம்மாள் ஆலை கேட்டுக்கு வந்து சத்தம் போட்டார். அந்த ஊரில் ஒவ்வொரு வயலிலும் வரப்போர வைக்கோலைக் கோயில் மாட்டுக்கென்று விட்டுவைப்பது வழக்கம். கட்டுக் கட்டும் வெளியூர் ஆட்கள் அது தெரியாமல் எல்லாவற்றையும் சுருட்டிவிட்டார்கள்.

“ஏம்மா, அம்புட்டு வயக்காட்டையும் வழிச்சுக்கிட்டீக, அந்த வாயில்லாச் சீவன் பங்குமா ஒங்களுக்கு வேணும்?” என்றார்.

அதன்பிறகு முதலாளி கல்யாணராமனுக்குப் போன் செய்து, வைக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இன்னிக்கு வேற லோடு இல்ல. இதைப் போடலேன்னா தொட்டியில நொதிக்கிற ஊறல் கெட்டுப்போகும், தெரியும்ல?” என்றார். தெரியும். அந்தத் தொட்டியை அமைத்ததே நான்தான்.

அதன்பிறகு அழகுபாண்டியைக் கூப்பிட்டு வைக்கோலைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். “மேடம், மொதலாளி ஏசுவாரே” என்று தயங்கினார். “நான் சொல்றேன், ஏத்துங்கண்ணே” என்றேன். லாரிக்கு முன்னால் ஸ்கூட்டரில் நானே போய்க் கோயில் கொட்டகையில் இறக்கவைத்தேன். காளை முதல் வைக்கோல் கட்டை முட்டிச் சரித்துவிட்டுத்தான் தின்னத் தொடங்கியது. திமிர் பிடித்த மாடு, எனக்குப் பிடித்துப்போனது.

ஊறல் கெட்டுவிட்டது. என் வேலையும் போகும் என்கிறார்கள், போகட்டும். ஓர் ஊரே வயிறெரிய எடுக்கும் எத்தனாலில் நான் என்ன பெருமைப்படுவது? அழகுபாண்டி என் உத்தரவைச் செய்தவர், அவ்வளவுதான். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

எழுதியதை ஏட்டையா படித்துக் காட்டினார். ‘தவறுதலாக அனுப்பிவிட்டேன்’ என்று ஓரிடத்தில் இருந்தது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன், அடித்தார். தெரிந்தேதான் அனுப்பினேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) டயானா