தியான வாத்தியார் கேட்ட பிச்சை

அறுபத்தெட்டாம் வருஷம், சூளகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். “கட்டின பொண்டாட்டியை அம்மாங்கறாருக்கா!” என்று இளையவள் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“யாரு, உன் ஊட்டுக்காரரா? தாந்திரிக தியானம் படிக்கப் போனாருன்னியே?”

“படிக்க இல்லக்கா, அதைச் சொல்லிக் குடுக்கற வாத்தியாராக டிரெயினிங்காம். அதுல பிச்சை எடுக்கணுமாம், எந்தப் பொம்பளையையும் அம்மான்னுதான் கூப்பிடணுமாம். நேத்து காவி கட்டிக்கிட்டு எங்க வாசல்லயே வந்து நின்னு, ‘அம்மா, பிச்சை’ங்கறாரு.”

“நீ என்ன சொன்ன?”

“அம்மான்னா அம்மா பேச்சைக் கேளு, போய்க் கேவுரு வயலுக்குத் தண்ணி கட்டுன்னேன்.”

“போனாரா?”

“மம்பட்டி எங்கேன்னு கேக்கறாருக்கா! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதே மூலையிலதான் கெடக்குது. இவரு போய் ஊரார் கண்ணைத் திறக்கப் போறாராம்!”