நான் எழுதாத வரி

இல்லங்க மேடம், தண்ணியெல்லாம் வேண்டாம். அந்தத் தாளை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. ஆமா, மஞ்சள்ல கோடு போட்ட வரி. அது நான் எழுதினது இல்ல. லாகின் என்னுதுதான், லேப்டாப் என்னுதுதான், அந்த நம்பர் என் மாமியாரோட நம்பர்தான். எதையும் நான் இல்லன்னு சொல்லலையே. வரி என்னுது இல்ல, அவ்வளவுதான்.

நீங்க ஹெச்.ஆர்., உங்களுக்கு ப்ரோக்ராம் கோட் எப்படித் தெரியும்? ரெண்டு நிமிஷம் குடுங்க, சுலபந்தான். கண் ஆஸ்பத்திரிக்கு நாம பண்ணிக் குடுத்த வெப்சைட்ல ஆபரேஷனுக்குக் காத்திருக்கறவங்க வரிசை ஒண்ணு இருக்கு. அதுல யாரை முன்னாடி அனுப்பணும்? ஒரு கண்ணுல பார்வை சுத்தமாப் போயிருக்கணும், அண்ட், டாக்டர் அவசரம்னு எழுதியிருக்கணும். ரெண்டும் இருந்தாத்தான் கதவு திறக்கும். அதுக்குத்தான் அண்ட். ஆர்னா, எது ஒண்ணு இருந்தாலும் உள்ள வந்துக்கலாம். அங்க நான் ஆர் போடவே இல்ல. யாரோ கடைசில இந்த மஞ்சள் வரியை ஒட்டியிருக்காங்க. ஆர், நோயாளி நம்பர் நாப்பதாயிரத்து எழுநூத்திப் பதிமூணுன்னு.

ஒட்டினவங்க உருப்படியாவும் ஒட்டல. இந்த ஈக்வல் இருக்கே, பள்ளிக்கூடக் கணக்குல வர்ற ஈக்வல் இல்ல இது. ரெண்டு ஈக்வல் போட்டா கேள்வி. உன் நம்பர் இதுதானான்னு கேக்கும். ஒண்ணே ஒண்ணு போட்டா உத்தரவு. இனிமே உன் நம்பர் இதுதான்னு மாத்திடும், மாத்திட்டு ஆமான்னு தலையையும் ஆட்டிடும். இங்க எத்தனை இருக்கு பாருங்க. ஒண்ணுதானே? அதனால வரிசைல இருந்த முன்னூத்திப் பன்னெண்டு பேரும் என் மாமியார் ஆயிட்டாங்க.

சிரிங்க, பரவாயில்ல. நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம் திங்கக்கிழமை காலைல ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன்னு ஞாயித்துக்கிழமையே எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்கு. அத்தனை பேரும் வெறும் வயித்தோட வந்து நிக்கறாங்க. ஒரு பெரியவர் மூணு பஸ் மாறி வந்திருக்கார். போனை நீட்டி, என்ன போட்டிருக்குன்னு என்கிட்டயே படிக்கச் சொன்னார். நான் என்னத்தைப் படிக்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் எழுதினா அந்தத் தப்பு வராது. பெருமைக்குச் சொல்லல. எட்டு வருஷம் முன்னாடி, சேர்ந்த புதுசுல, இதே மாதிரி ஒரு ஈக்வலை விட்டுட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அன்னிலேர்ந்து நான் நம்பரைத்தான் முதல்ல எழுதுவேன். எல்லாரும் நோயாளி நம்பர் ஈக்வல் ஐநூறுன்னு எழுதுவாங்க. நான் ஐநூறு ஈக்வல் நோயாளி நம்பர்னு எழுதுவேன். தலைகீழாத்தான் இருக்கும். ஆனா ஒரு ஈக்வல் தவறிப்போனா, ஐநூறை எப்படிம்மா மாத்தறதுன்னு ப்ரோக்ராம் அங்கயே மக்கர் பண்ணி நின்னுடும். திருப்பிப் போட்ட சட்டைன்னு எனக்கு இங்க பேரே வெச்சிருக்காங்க, கேட்டுப் பாருங்க. வீட்டுலயும் அதே கிண்டல்தான். எட்டு வருஷமா நான் எழுதின கோட் எல்லாத்தையும் அலசுங்க. இந்த மஞ்சள் வரில இருக்கற மாதிரி ஒரு இடத்துல நம்பர் பின்னாடி இருந்தா நான் இப்பவே எழுந்து போயிடறேன்.

அப்ப யாருன்னு கேக்கறீங்க. ம்.

ஞாயித்துக்கிழமை காலைல ஏழு பத்துக்கு மாத்தினதா அந்தத் தாள்ல இருக்குல்ல? அந்த நேரம் நான் என் மாமியாரைக் கூட்டிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போய் உக்காந்திருந்தேன். இதோ சீட்டு, நேரம் போட்டிருக்கு. போகச் சொன்னது என் வீட்டுக்காரர். அவருக்கும் நம்ம தொழில்தான், வேற கம்பெனி. அம்மாவை நீயே கூட்டிட்டுப் போயேன், உன்கூடன்னா அவங்க பயப்படமாட்டாங்கன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு மேடம்.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் என்கிட்ட கேட்டார். ஒரு வரிதானே, போட்டு விட்டுடேன்னு. அம்மா அஞ்சு மாசமாக் காத்திருக்காங்க, பட்டப்பகல்ல லைட்டு போடச் சொல்றாங்கன்னு. நெஜந்தான், எனக்கும் பார்க்கத் தாங்கல. ஆனா மாட்டேன்னுட்டேன். ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல. அப்புறம் அவரே வந்து, நீ சொன்னதுதான் சரின்னு சிரிச்சார். நம்பிட்டேன். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். கட்டினவர்கிட்ட என்னத்தை ஒளிக்கறது?

வந்ததுமே சொல்லியிருக்கலாம்தான். இப்படி அண்ட், ஆர்னு பேசிக்கிட்டே இருந்தா நீங்களே புரிஞ்சுக்குவீங்க, என் வாயால அவரைச் சொல்லவேண்டாம்னு பார்த்தேன். வயிறு எரியுது மேடம். வேலை போயிடுமேன்னு இல்ல.

இன்னிக்கும் அவர்தான் வண்டில கொண்டு வந்து விட்டார். தப்பு எல்லாருக்கும் வர்றதுதான், ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்கன்னு வழி நெடுக ஆறுதல். எனக்கு எதுவும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். இறங்கறப்ப இந்தக் கவரைக் கையில குடுத்தார். பிரிச்சுப் பாருங்க. மன்னிப்புக் கடிதம். அவரே உக்காந்து டைப் பண்ணியிருக்கார், நல்லாத்தான் எழுதியிருக்கார். கீழ என் பேரைப் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கார்.