தொங்கும் கைக்கு ஆறு மாதக் கெடு

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பள்ளிவாசல் தலைவர் ஜபார் ஹாஜியார் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, கரைத்தீவிலிருந்தும் மதுரங்குளியிலிருந்தும் வந்திருக்கும் சகோதர சகோதரிகளே! நான் இயன்மருத்துவர் மபாஸா. நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் முஹ்ஸின் அவர்கள் தைத்துக் கொடுத்த கைகளுக்குப் பதினொரு வருடமாகப் பயிற்சி கொடுத்தவள்.

அழகாகப் பேசத்தான் கூப்பிட்டீர்கள். மன்னியுங்கள், வயிறு எரிகிறது.

மோட்டார் சைக்கிளிலிருந்து தோள் அடிபட விழுந்தால், கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு அறுந்துபோகலாம். எலும்பு முறியாது, கை மட்டும் செத்த மீனாகத் தொங்கும். நாம் என்ன செய்கிறோம்? முறிவு வைத்தியரிடம் போய் எண்ணெய்க் கட்டுப் போடுகிறோம். நாற்பது நாள். பிறகு இன்னொரு நாற்பது! ஆறு மாதத்துக்குள் நரம்பைத் தைக்காவிட்டால் தசை செத்துவிடும் என்று தொண்டை கிழியச் சொன்னாரே டொக்டர் முஹ்ஸின், யார் கேட்டோம்?

உப்பளத்து ஹவ்வா கேட்டாள். லொறியிலிருந்து விழுந்தவள் இரண்டாம் மாதமே வந்தாள். காலிலிருந்து நரம்பெடுத்து, எட்டு மணித்தியாலம் இருந்து தைத்தார். நாளுக்கு ஒரு மில்லிமீற்றர்தான் நரம்பு வளரும். பதினாலாம் மாதம் பிளேன்ரீத் தேநீர்க் கோப்பையை அந்தக் கையாலேயே வாய்க்குக் கொண்டுபோனாள். "டொக்டர், சீனி காணாது" என்றாள். அந்தப் பெரிய மனுசன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார்!

ஹவ்வாவைப் போல எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் வருடம் கழித்து வந்தார்கள். அதனால்தான் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மைக்கில் இந்த ஒரு செய்தியை அறிவிக்கச் சொல்லி டொக்டர் மூன்று தடவை பள்ளிவாசலுக்கு வந்தார். "பள்ளியில ஆஸ்பத்திரிக் கதை என்னத்துக்கு டொக்டர்?" ஹாஜியார், இது நீங்கள் சொன்ன பதில். போன திங்கள் மாரடைப்பில் அவர் போனதும், அதே மைக்கில் அவருடைய ஜனாஸா அடக்கத்தை மூன்று தடவை அறிவித்தீர்களே!

உங்கள் மகன் முனாஸ் கடைசி வரிசையில் இருக்கிறான். கையைச் சால்வையால் மூடியிருக்கிறான். விழுந்து ஐந்து மாதமும் ஒரு கிழமையும். கெடு முடிய இன்னும் மூன்று கிழமைதான். மௌத்தாவதற்கு மூன்று நாள் முன்பு டொக்டர் எனக்குப் போன் எடுத்தார். "மபாஸா, ஹாஜியார்ட மகன் வந்தானா?"

"இல்ல சேர். கட்டு முடியட்டும் எண்டு வாப்பா சொல்றாராம்."

போனை வைத்துவிட்டார்.

'அன்னாரின் பணியைத் தொடர்வோம்' என்று வாசிக்கச் சொல்லி ஒரு தாள் தந்திருக்கிறார்கள். வாசிக்கமாட்டேன். கொழும்பில் அவருடைய மாணவரோடு பேசிவிட்டேன். வியாழக்கிழமை முனாஸுக்குச் சத்திரசிகிச்சை செய்ய இடம் வைத்திருக்கிறார். ஹாஜியார், டொக்டரை அடக்கம் செய்துவிட்டோம். அந்தக் கையையும் உயிரோடு அடக்கிவிடாதீர்கள். நாளை சுபஹுத் தொழுகை முடிந்ததும் வேனோடு உங்கள் வாசலில் நிற்பேன். அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டுப் பிள்ளையை அனுப்புங்கள்.